ஆம்பளை ஊசி

என் கணவருக்கு முப்பத்திரண்டாவது வயதில் குரல் உடைந்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நான், யாரோ வேற்றாள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, கையில் கிடைத்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூடத்தில் இவர் மட்டும்தான் நின்றார். கையில் இருந்த ஃபோனைப் பொத்திக்கொண்டு, "என்னாச்சு?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முதல் பாதி மெல்லிசாகவும் மறுபாதி கட்டையாகவும் வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

அது என்ன பயம் என்று சொல்வதற்கு முன்னால், நான் இவரை எதற்காகக் கட்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். என் அப்பா ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார், தலைக்கவசத்தைக் கழற்றுவார், சமையல் பிடிக்கவில்லை என்றால் அதாலேயே அம்மாவை அடிப்பார். அம்மாவுக்கு இடது காது கடைசிவரை கேட்கவில்லை. என் அண்ணன் அந்தப் பாடத்தை அப்பாவிடம் கற்றுக்கொண்டு என்னிடம் எழுதிப் பார்த்தான். கல்யாணமே வேண்டாம் என்று நான் இருபத்தாறு வயது வரை இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே ஏர்கோன் பழுது பார்க்க வந்தவர்தான் இவர். நெட்டையான ஆள், நீளமான கைகள், பள்ளிப் பையனைப் போல மழமழவென்ற முகம், பெண் குரல். ஏணியில் நின்று கழற்றியபோது அழுக்குத் தண்ணீர் ஒரு பட்டுப்புடவையில் ஒழுகிவிட்டது. முதலாளி கூட்டத்துக்கு முன்னால் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, "பொண்டான் மாதிரி இருந்துகிட்டு ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியல" என்று கத்தினார். பொண்டான் என்றால் இங்கே ஆம்பளைத்தனம் இல்லாதவன் என்று ஏசுவது. இவர் சட்டையைக் கழற்றி, அந்தச் சட்டையாலேயே புடவையை ஒற்றி எடுத்தார். இந்த ஆள் யாரையும் அடிக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. என் காதல் அவ்வளவுதான், அதற்கு மேல் அலங்காரம் இல்லை.

கல்யாணமாகிக் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். ஃபோனில் அழைக்கிற மலாய்க்காரர்கள் இவரைக் 'கக்' என்பார்கள். 'கக்' என்றால் அக்கா. இவரும் "யா, யா" என்று வேலையை எழுதிக்கொள்வார். இரண்டு தொடைகளின் பின்பக்கமும் வரிவரியாகத் தழும்பு இருந்தது. அது ரோத்தான் தழும்பு. நம் ஊர்க் கடைகளில் பிள்ளைகளை அடிக்க வண்ணக் கைப்பிடி போட்டு விற்கிற பிரம்பைத்தான் சொல்கிறேன். பதினைந்து வயதில் மீசை வரவில்லை, குரல் மாறவில்லை என்று இவர் அப்பா அடித்தது. காப்பாரில் எண்ணெய்ப்பனை லோரி ஓட்டிய மனிதர். பயல் வேண்டுமென்றே பெண்பிள்ளை மாதிரி நடக்கிறான், நாலு போட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய வைத்தியம். வருஷக்கணக்காக அந்த வைத்தியம் நடந்தும் நோயாளிக்கு ஒரு முடிகூட முளைக்கவில்லை.

படுக்கையில் நாங்கள் அண்ணன் தங்கை மாதிரிதான் இருந்தோம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை வேண்டும் என்கிற ஆசை ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவே இல்லை. இவரை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

அந்த டாக்டர் நம் பெண்தான். கண்ணாடிக்கு மேலே இவரைப் பார்த்து, முதலில் கேட்டது இதைத்தான்.

"உங்களுக்கு வாசனை தெரியுமா?"

நான் கிண்டல் செய்கிறாளோ என்று நினைத்தேன். இவர் தலைகுனிந்து, "தெரியாது டாக்டர். எல்லாரும் மணக்குதுன்னு சொல்லுவாங்க, நானும் தலையாட்டிருவேன்" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷம் இவருக்காக நான் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பூ, நல்ல புருஷன்.

டாக்டர் விளக்கினாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. வயசுக்கு வருகிற காலத்தில் அதிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் ரத்தத்தில் இறங்கி வந்து, கீழே இருக்கிற சுரப்பிகளிடம் வேலையை ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மீசையும் குரலும் விந்தும். இவருக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. தாய் வயிற்றில் இருக்கும்போது வாசனை நரம்பும் இந்தக் கட்டளைக்கான அணுக்களும் ஒரே வழியில் போக வேண்டியவை, இவருக்கு இரண்டும் வழியிலேயே நின்றுவிட்டன.

"ஆளுங்க ரெடியாத்தான் இருக்காங்க. சூப்பர்வைசர் வரல, அவ்ளோதான். ஊசியில நம்ம சூப்பர்வைசரை அனுப்பலாம்" என்றாள்.

"ஊசி எதுல செய்யிறாங்க டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்க மூத்திரத்திலேருந்து பிரிச்சு எடுக்கிறது. உங்க உடம்புல வராத ஹார்மோன் மாதிரியே அது வேலை செய்யும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு வருஷமும் வாங்கிய அடி ஒரு பட்டாணிக்காக என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, அந்தக் கிழவனைப் போய் உலுக்க வேண்டும் போல இருந்தது.

மருந்து பொடியாக வரும். தண்ணீர் கலந்து குப்பியை ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். பிறகு சில மாதம் கழித்து இன்னொரு ஊசியும் சேரும், அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு வழி என்றாள் டாக்டர். போடுவது நான். முதல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இவரிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். இதைப் போட்டு நீங்க ஆம்பளையாகுங்க, வேணாங்கல. ஆனா ஒரு நாள் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினீங்கன்னா, அடிக்கக்கூட வேணாம், ஓங்கினாலே நான் அன்னிக்கே போயிருவேன். பிள்ளை இருந்தாலும் போயிருவேன்."

"நான் ஏன் உன்னை அடிக்கப்போறேன்?" என்றார், பச்சைப் பிள்ளையைப் போல.

அது எனக்கும் தெரியாது. என் அப்பா ஏன் அடித்தார் என்றும் எனக்குத் தெரியாது. ஆம்பளைகளுக்குள் ஏதோ ஒன்று ஊறுகிறது, அதுதான் அடிக்கிறது என்று நாங்கள் பெண்கள் பேசிக்கொள்வோம். அந்த ஏதோ ஒன்றைத்தான் இப்போது என் கையாலேயே இவருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். கேலிக்காக அதற்கு 'ஆம்பளை ஊசி' என்று பெயர் வைத்தேன். "வாங்க, ஆம்பளை ஊசிக்கு நேரமாச்சு" என்று கூப்பிடுவேன். பயத்தை மறைக்க எனக்குக் கேலியைத் தவிர வேறு வழி தெரியாது.

குரல் உடைந்தது நாலாவது மாதத்தில். முகத்தில் பருக்கள் வந்தன. மேலுதட்டில் பூனை மீசை முளைத்தது, அதை இவர் நாளுக்குப் பத்துத் தடவை தடவிப் பார்த்தார். இரவில் இவர் பக்கம் சூடாக இருந்தது. அந்தக் கதையை நான் எழுதப்போவதில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் வந்தது. கிள்ளானில் சிக்னலில் ஒரு லோரிக்காரன் ஹார்ன் அடித்தான் என்று வேனிலிருந்து ஸ்பேனரோடு இறங்கினார். நான் பின்னால் ஓடிப் போய் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துவந்தேன். இன்னொரு நாள் ஏர்கோன் ரிமோட்டைச் சுவரில் அடித்துத் தூளாக்கினார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றார். டாக்டர் கேட்டுவிட்டு, "பதினஞ்சு வயசுப் பையன் இதைத்தான் செய்வான். இவருக்கு லேட்டா வந்திருக்கு, அடங்கிரும்" என்றாள். எனக்குப் பயம் அடங்கவில்லை. குப்பியில் பாதித் தண்ணீர் கலந்துவிடலாமா என்றுகூட ஒருநாள் ஐஸ்பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தேன். பிள்ளை ஆசை கையைப் பிடித்துக்கொண்டது.

இந்த நிலையில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். எழுபது வயது, காப்பாரில் தனியாக இருந்தவர். மூத்திரம் போக முடியவில்லை என்று பார்த்ததில் புரோஸ்டேட்டில் புற்றுநோய். இவருடைய அக்கா, ரவாங்கில் இருக்கிறாள், அவள்தான் முடிவு செய்தாள். அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அன்றைக்கே உட்கார்ந்துவிடுவார். நம் வீடுகளில் அப்படித்தான், நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோய் தெரியும். மூத்திரக் கோளாறு, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்று சொல்லிவைத்தோம்.

அது என்ன ஊசி என்று தெரிந்தபோது நான் மருத்துவமனை நடைபாதையில் நின்று யாருமில்லாத பக்கம் திரும்பிச் சிரித்தேன். மகனுக்கு வராத அந்தக் கட்டளையை அப்பாவுக்கு நிறுத்துகிற ஊசி. ஆண் சுரப்பு இருந்தால் அந்தப் புற்று வளருமாம், ஆகவே மேலிருந்து வருகிற செய்தியை நிறுத்திக் கீழே இருப்பதை மொத்தமாக மூடிவிடுவார்கள். கத்தி வைக்காமல் காயடிப்பது. ஒரே வீட்டில் ஒரு ஆம்பளையை நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்தோம், இன்னொரு ஆம்பளையை இறக்கிக்கொண்டிருந்தோம்.

வந்த முதல் நாளே மாமனார், இவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பின்னந்தலையில் ஓங்கி அறைந்தார். "மீசை வெச்சா போதுமாடா? பொண்டாட்டி தட்டைக் கழுவுற நாய்." தட்டு கீழே விழுந்தது. முப்பத்திரண்டு வயது மனிதர் கையில் சவுக்காரத்தோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

அடுத்த வாரமே மாமனார் பாசாரில் ஒரு ரோத்தான் வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினார். பூனையை விரட்ட என்றார். எங்கள் வீட்டுக்குப் பூனை வந்ததில்லை. சோற்றில் உப்புக் குறைவென்றால் தட்டு சுவருக்குப் போகும். இவர் வேலையிலிருந்து தாமதமாக வந்தால் தோளில் ஒரு போடு. நான் நடுவில் போனால் என் முழங்கையில். இத்தனைக்கும் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவர் உடம்பில் ஆண் சுரப்பு இல்லை என்றே சொல்லலாம் என்றார்கள். வயசான பெண்களுக்கு வருகிற மாதிரி திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டி, காற்றாடிக்கு முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பார். மார்பு லேசாக வீங்கியிருந்தது. அதை ஒருநாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் மீன்குழம்பு புளித்துவிட்டது என்று கரண்டியை என் மேல் எறிந்தார், பாவம் தீர்ந்தது.

இவருக்கு நான் ஊசி போடுவதை அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "அது என்ன ஊசி?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். இவர் வெட்கத்தோடு, நான் வைத்த பெயரையே சொல்லியிருக்கிறார்.

சில மாதம் கழித்து ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எங்கள் டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். "ஊசி ஒழுங்கா போடுறீங்களா? இவரு லெவல் நல்லா ஏறிக்கிட்டு இருந்துச்சு, இப்ப கிட்டத்தட்ட ஆரம்பத்துல இருந்த இடத்துக்கே இறங்கிருச்சே." மாமனாரின் டாக்டரும் நெற்றியைச் சுருக்கினார். அடங்கியிருந்த புற்று திரும்ப ஏறுகிறது, மூடி வைத்த ஆண் சுரப்பு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது, புரியவில்லை என்றார். ஒருவருக்கு இறங்கியது, இன்னொருவருக்கு ஏறியது. டாக்டர்களுக்குப் புரியாமல் போகலாம், ஒரே ஐஸ்பெட்டியை இருவருக்காகவும் திறந்து மூடுகிற எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரம். இவர் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமனார் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஊசி இருந்தது. குப்பைக்குப் போட்ட பழைய ஊசி, முனை மழுங்கி, காய்ந்த ரத்தத்தோடு இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி நிறையக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர். எடுத்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவைத்திருக்கிறார். லோரியில் டீசல் திருடிப் பழகியவருக்கு அது கைவந்த வேலை.

துண்டோடு வெளியே வந்தவர் என் கையில் ஊசியைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"என்ன இப்ப? எம் பிள்ளைக்கு வாங்குற மருந்துதான. எனக்கும் உடம்பு தளர்ந்துபோச்சு. அவனையே ஆம்பளையாக்குன மருந்து எனக்கு என்ன செய்யாது?"

"மாமா, இது உங்களைக் கொன்னுரும்."

"ஏய், யாரைக் கொல்லும்? நீ எங்கிட்ட படிச்சவ மாதிரி பேசாத."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறேன். உப்புக்கும் புளிக்கும் அடி வாங்கிய ஆத்திரம், பிள்ளைக்காக நான் ஏற்றியதை இந்த ஆள் தண்ணீராக்கி வைத்த ஆத்திரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உங்களுக்கு வந்தது மூத்திரக் கோளாறு இல்லை, புற்றுநோய். மருத்துவமனையில் போடுகிற ஊசி உங்களைக் காயடிக்கிற ஊசி, அதனால்தான் வேர்க்குது, அதனால்தான் மார் வீங்குது. நீங்க திருடிப் போட்டுக்கிட்ட ஆம்பளை ஊசி என்ன தெரியுமா, பிள்ளைத்தாச்சிப் பொம்பளைங்களோட மூத்திரம். அதைத்தான் இத்தனை நாளா வயித்துல ஏத்திக்கிட்டு மீசையை முறுக்கினீங்க.

அவர் முகம் வெளுத்தது. பிறகு கதவுக்குப் பின்னால் கை போனது.

முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். நான் கையைத் தூக்கினேன், விரல்களில் விழுந்தது. சத்தமே போடாமல் அடித்தார், மூச்சு மட்டும் இரைந்தது. சுவரோரம் குந்திவிட்டேன், முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். என் அம்மாவின் காது ஞாபகம் வந்தது. அவளுக்குக் கேட்காமல் போன அதே இடது காதைத்தான் நானும் பொத்திக்கொண்டிருந்தேன்.

இவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. ரோத்தான் நின்றது, நிமிர்ந்து பார்த்தேன். ஈரக் கைகளால் அப்பாவின் கழுத்தைப் பிடித்து ஐஸ்பெட்டியில் மோதினார். மேலிருந்த பாத்திரங்கள் சரிந்தன. முகத்தில் குத்தினார், மறுபடி குத்தினார். ஒரு பல் தரையில் தெறித்து விழுந்தது. கிழவர் சரிந்து விழுந்த பிறகும் விலாவில் உதைத்தார். எலும்பு ஒடிந்த சத்தத்தை நான் கேட்டேன். இவர் வாயிலிருந்து அழுகையும் உறுமலுமாக ஏதோ வந்தது. நான் போய்த் தடுக்கவில்லை. என் மனசு குளிர்ந்தது. அந்த ஒவ்வொரு அடியும் எனக்கு இனித்தது, அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

தானாகவே நிறுத்தினார். தன் கைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "போயிராத" என்றார்.

நாங்கள்தான் வேனில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு விலா எலும்பு, ஒரு பல், புருவத்தில் தையல். டாக்டர் கேட்டதற்கு மாமனார், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் வார்டுக்குப் போனபோது பக்கத்துக் கட்டில்காரரிடம் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா, இவன்தான் என் மகன். எவ்ளோ வருஷம் இவனால தலைகுனிஞ்சேன் தெரியுமா அண்ணே? நேத்து ஒரு அடி விட்டான் பாருங்க, பல்லு போயிருச்சு." உதடு கிழிந்திருந்த வாயால் சிரித்தார். கையை நீட்டி மகனின் தோளைப் பிடித்து, முழங்கை வரை தடவிக்கொடுத்தார். "இப்பதான்டா நீ எனக்குப் பொறந்த பிள்ளை."

இவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் அந்த முகம் மலர்ந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கை இவரைத் தடவியதில்லை. ஊசி போட்ட முதல் நாளிலிருந்து நான் எதற்குப் பயந்தேனோ அது அந்த மலர்ச்சிதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வார்டை விட்டு வந்து, கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன்.

"அவர் அப்படிச் சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சா?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இருந்துச்சு" என்றார். "அடிக்கிறப்ப இல்ல. அவரு தொட்டப்ப இருந்துச்சு. இதுக்காக இன்னும் ஒரு தடவை அடிப்பேன் போலருக்கு. ஊசியை நிறுத்திருவோமா?"

"ஊசிய ஏன் சொல்றீங்க?" என்றேன். "டாக்டர் சொன்னது மறந்துருச்சா? இந்த மாசம் உங்க உடம்புல மருந்தே இல்ல. கொதிக்கவெச்சு ஆறின பைப்புத் தண்ணியைத்தான் நான் குத்திக்கிட்டு இருந்தேன். அவருக்கும் மொத்தமா அடைச்சு வெச்சிருந்த மாசத்துலதான் என்மேல கரண்டியை எறிஞ்சாரு. அது ஊசியில இல்லங்க. அவரு நம்ம வீட்டுல இருக்கிறதுல இருக்கு."

இவர் வேனைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்து புதுக் குப்பியை உடைத்து ஊசி போட்டேன். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமனாரை வீட்டுக்கு அனுப்புகிற அன்று இவருடைய அக்கா ரவாங்கிலிருந்து காரில் வந்தாள், இவர்தான் வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று தெரிந்ததும் நடைபாதையிலேயே இவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை அடிச்சதுக்கு நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அவரு அடிக்காத ஆளா, வாங்கட்டும்னு இருந்துட்டேன். ஆனா வீட்டுலயே சேர்க்கமாட்டேன்னு சொல்றியே. பெத்த அப்பனுக்குச் செய்யிற காரியமாடா இது? ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"உனக்கு முடியலன்னா ஆளு வெச்சுப் பார்த்துக்கலாம்க்கா. ஊசிக்கு நான் கூட்டிட்டு வரேன். என் வீட்டுக்கு மட்டும் வேணாம்."

மாமனார் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகனைக் கண்டதும் எழுந்து, "வாடா, போலாம்" என்று தோளில் கை போட்டார். லிஃப்ட் வரை அப்படியே நடந்தார்கள். அங்கே இவர் நின்று, "நீங்க அக்கா வீட்டுக்குப் போங்கப்பா. இனிமே எங்க வீட்டுக்கு வேணாம்" என்றார்.

கிழவர் முதலில் சிரித்தார். ஆம்பளை மகன் ஏதோ முறுக்குகிறான் என்று நினைத்திருப்பார். பிறகு என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இவர் கோபத்தில் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிய ஆரம்பித்தது. கையிலிருந்த பை கீழே விழுந்தது. மகனின் வலது கையைப் பிடித்து இழுத்து, வீங்கியிருந்த தன் கன்னத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"அடிடா" என்றார். "இன்னும் ரெண்டு போடு. நல்லா போடு. அடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போடா."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் கன்னத்திலேயே வைத்திருந்தார். பிறகு அந்தக் கட்டைக் குரலில், "நான் யாரையும் அடிக்கமாட்டேன்பா" என்று சொல்லி, அப்பாவின் கையை அக்காவின் கையில் கொடுத்தார். நாங்கள் மாடிப்படி வழியாக இறங்கினோம். இரண்டு மாடி இறங்கும்வரை அவர் மேலேயிருந்து, "ஒரே ஒரு அடிடா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.